விரித்தால் மருத்துவமனை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

மருத்துவத்திற்கு நான்கு அங்கங்கள் உண்டு என்று வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் வகுத்துக் காட்டியுள்ளார். நோயாளி, நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணிபுரிபவர் ஆகியவையே அந்நான்கு. இன்றைய விஞ்ஞான யுகத்திலும் இந்தப் பகுப்பில் குறை காண இயலாது. ஆயினும் இந்நான்கும் ஒன்றுகூடுவதற்கு ஓர் இடம் வேண்டுமன்றோ? மர நிழலில் அமர்ந்து மாத்திரை கொடுக்கலாம். ரத்த அழுத்தம் பார்க்கலாம். ஆனால் புண்ணைத் திறந்து கட்டுவதற்கும், கர்ப்பிணியைப் பரிசோதிப்பதற்கும், மூச்சுத் திணறும் முதியவரைப் படுக்கவைப்பதற்கும் நான்கு சுவரும் ஒரு கூரையும் தேவை. ஆதலின் 'இடம்' என்பதை மருத்துவத்தின் ஐந்தாவது அங்கம் என்று கொள்வது தவறாகாது என்று கருதுகிறேன்.

சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது நம் நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வகுக்கப்பட்ட கணக்கு. இந்தக் கணக்கு ஓரிடத்தில் நிலையாக வாழும் மக்களை நினைத்துப் போடப்பட்டது. திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் கூடும் மக்களுக்கும், புயலில் வீடிழந்து பள்ளிக்கூடத்தில் தங்கும் மக்களுக்கும், அணைக்கு அப்பால் படகில் போய்ச் சேரவேண்டிய மலைக்குடிகளுக்கும் அது எட்டுவதில்லை. நோயாளி இடத்தைத் தேடிச் செல்வதற்குப் பதிலாக, இடமே மடிந்து சுருங்கி நோயாளியைத் தேடி வந்தால் என்ன? இந்த வினாவுக்குப் பொறியியல் தரும் விடைகளையும், அவ்விடைகள் எங்கள் ஊராகிய மண்டைக்காட்டுக் கடற்கரையில் செல்லுபடியாகுமா என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாற்கரமும் முக்கோணமும்

மடங்கும் பொருள்கள் நமக்குப் புதியவை அல்ல. மழைக்குப் பிடிக்கும் குடை, கல்யாண வீட்டில் வாடகைக்கு எடுக்கும் இரும்பு நாற்காலி, கடை வாசலில் இழுத்து அடைக்கும் கொலாப்சிபிள் கேட் ஆகிய எல்லாம் மடங்கும் அமைப்புகளே. இவை அனைத்திற்கும் அடிப்படையான தத்துவம் ஒன்றுதான். அதனை ஒரு சிறு சோதனையால் விளக்கலாம்.

அட்டைப் பட்டைகள் நான்கை எடுத்து, முனைகளைக் குண்டூசியால் இணைத்து ஒரு சதுரம் செய்யுங்கள். ஒரு மூலையை விரலால் தள்ளினால் சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகி, மேலும் தள்ளினால் தட்டையாகப் படுத்துவிடும். இனி மூன்று பட்டைகளை அவ்வாறே இணைத்து முக்கோணம் செய்யுங்கள். எவ்வளவு தள்ளினாலும் அது வடிவம் மாறாது. பட்டை ஒடிந்தால்தான் உண்டு. படுத்துவிட்ட சதுரத்தை மீண்டும் நிமிர்த்தி, மூலைக்கு மூலை ஐந்தாவது பட்டை ஒன்றை வைத்து இணைத்தால் அதுவும் அசையாமல் நின்றுவிடும். ஏனெனில் இப்போது அது இரண்டு முக்கோணங்கள்.

மடங்குவதற்கு நாற்கரம், நிற்பதற்கு முக்கோணம் என்பதே இதன் சாரம். குடைக்கம்பியின் மீது வளையத்தை மேலே தள்ளும்போது 'டக்' என்று ஒரு விசை மாட்டுகிறதே, அந்தக் கணத்தில்தான் அதுவரை நகர்ந்துகொண்டிருந்த கம்பிகள் அசையாத முக்கோணங்களாகின்றன. மடக்கு நாற்காலியில் நாம் உட்காரும் பலகையே முக்கோணத்தின் மூன்றாவது பக்கமாக அமைகிறது. மடங்கும் கட்டிடத்தை வடிவமைப்பவர் செய்யவேண்டியதும் இதுவே: கொண்டு செல்லும்போது நாற்கரமாக இருந்து, விரித்தபின் ஒரு பூட்டோ குறுக்குச் சட்டமோ மாட்டியவுடன் முக்கோணமாகிவிடவேண்டும்.

இவ்வாறு மடிப்பதற்கு முறைகள் பல உள்ளன. சுவர்ப் பலகைகளைக் கீல் வைத்து உட்புறமாக மடித்து, கூரையைத் தரையின்மேல் இறக்கிவிடுவது ஒரு முறை. மிட்டாய்க் கடைக்காரர் தட்டையாக அடுக்கிவைத்திருக்கும் அட்டைப் பெட்டியை ஒரு தட்டில் விரிப்பதைப் போன்றது இது. கத்தரிக்கோல் போல் குறுக்காக இணைத்த சட்டங்களை இழுத்து விரிப்பது இரண்டாவது முறை. ஒரே தகட்டில் முன்னும் பின்னுமாக மடிப்புகள் இட்டு, ஒரு மூலையை இழுத்தால் முழுவதும் விரியுமாறு செய்வது மூன்றாவது முறை. ஜப்பானிய விஞ்ஞானி கோர்யோ மியூரா கண்ட இந்த மடிப்பைக் கொண்டு 1995 ஆம் ஆண்டு விண்வெளியில் ஒரு சூரிய ஒளித் தகடு விரிக்கப்பட்டது. காற்றடைத்த குழாய்களால் கூடாரத்தை நிறுத்துவது நான்காவது. 2005 ஆம் ஆண்டு காஷ்மீர் நிலநடுக்கத்தின்போது 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பினர் பாகிஸ்தானிலுள்ள மான்செராவில் இத்தகைய காற்றடைத்த மருத்துவமனையை நிறுவினர்.

வரலாறு கூறும் பாடம்

சுமந்து செல்லும் மருத்துவமனையின் வரலாறு நாம் எண்ணுவதை விடப் பழமையானது. கிரிமியப் போரின்போது ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனையில் காயத்தால் இறந்தோரை விட, அசுத்தத்தால் பரவிய காய்ச்சலில் இறந்தோர் அதிகம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் தொண்டு புரிந்தது அங்கேதான். 1855 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசு, ரயில் பாதைகளும் பாலங்களும் கட்டிப் புகழ் பெற்ற பொறியாளர் புரூனலிடம் கப்பலில் அனுப்பக்கூடிய மருத்துவமனை ஒன்றை அமைத்துத் தருமாறு கேட்டது. அவர் மரத்தாலான வார்டுகளை இங்கிலாந்திலேயே செய்வித்து, துண்டு துண்டாகப் பிரித்து, துருக்கியில் ரென்கியோய் என்னுமிடத்திற்கு அனுப்பினார். ஜூலை மாதத்திலேயே 300 நோயாளிகளை ஏற்க அது ஆயத்தமாகிவிட்டது. அங்கே சிகிச்சை பெற்றோர் சுமார் 1,300 பேர். இறந்தோர் சுமார் 50 பேர் மட்டுமே.

புரூனல் செய்த இரு காரியங்களை நாம் கவனிக்கவேண்டும். ஒவ்வொரு வார்டுடனும் காற்றாடியையும், கைகழுவும் தொட்டியையும், கழிப்பிடத்தையும், கழிவுநீர்க் குழாயையும் சேர்த்தே அனுப்பினார். சுவரும் கூரையும் மட்டும் மருத்துவமனை ஆகாது என்பதை அவர் அறிந்திருந்தார். அன்றியும், எந்த ஒரு கட்டும் இருவர் தூக்கும் பாரத்திற்கு மேற்படலாகாது என்று விதித்திருந்தார். பாரந்தூக்கி இயந்திரம் இல்லாத கரையிலும் இருவர் கூடினால் வேலை நடக்கும் அல்லவா?

மற்றொரு பாடம் ஒரு தமிழ் மருத்துவரிடமிருந்து கிடைக்கிறது. ஆற்காட்டின் பெயரைத் தம் முன்னெழுத்தில் தாங்கிய லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ், இந்திய ராணுவத்தின் 60 ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை ஏற்று 1950 நவம்பரில் கொரியா சென்றார். அடுத்த மாதமே படைகள் பியோங்யாங் நகரிலிருந்து பின்வாங்க நேர்ந்தது. மருத்துவச் சாமான்களை ஏற்றிச் செல்ல வாகனம் இல்லை. அவற்றைக் கைவிட்டால் மருத்துவப் பிரிவு இருந்தும் இல்லாததற்குச் சமம். அவர்கள் பழைய நீராவி ரயில் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, வாளிகளால் நீர் நிரப்பி, தாங்களே ஓட்டிக்கொண்டு சாமான்களுடன் தெற்கே வந்து சேர்ந்தனர். அப்பிரிவு 1954 வரை கொரியாவில் பணியாற்றியது. ரங்கராஜ் அவர்களுக்கு மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. எடுத்துச் செல்லக்கூடிய மருத்துவமனைக்குச் சாமானைப் போலவே, அதைக் கையாளப் பழகிய ஆட்களும் இன்றியமையாதவர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இன்றைய முயற்சிகள்

நம் காலத்தில் இத்துறையில் பெயர் பெற்ற முயற்சி தமிழ்நாட்டில் தோன்றியதே. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி வளர்ந்த 'மாடுலஸ் ஹவுசிங்' என்ற இளம் நிறுவனம், 2020 ஆம் ஆண்டு கொரோனா பரவிய நாட்களில் 'மெடிகேப்' என்ற மடங்கும் மருத்துவ அறையை அறிமுகப்படுத்தியது. மருத்துவர் அறை, தனிமைப்படுத்தும் அறை, நோயாளிகள் தங்கும் அறை, இரண்டு படுக்கைகள் கொண்ட தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இது நான்கு பகுதிகள் கொண்டது. நான்கு பேர் சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் இதை விரித்து நிறுத்திவிடலாம். மடித்தால் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இதற்கு ஆலோசனை வழங்கியது. கேரளத்தின் வயநாடு மாவட்டத்திலுள்ள வரதூரில் முதலில் இது நிறுவப்பட்டது. 2021 ஆம் ஆண்டு இரண்டாம் அலையின்போது மகாராஷ்டிரத்தின் அமராவதி, புனே, ஜால்னா, பஞ்சாபின் மொஹாலி முதலிய இடங்களில் ஏற்கெனவே இருந்த மருத்துவமனைகளுக்கு அருகே 100 படுக்கைகள் கொண்ட இணைப்புகளாக இவ்வகை அறைகள் திட்டமிடப்பட்டன. 100 படுக்கைகளை ஏறத்தாழ மூன்று வாரத்தில் அமைத்துவிடலாம் என்பதே இதன் சிறப்பு.

ஐந்தில் ஒரு பங்கு என்பதன் பொருளை ஒரு கணக்கால் உணரலாம். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள ஓர் அறையின் கன அளவு 45 கன மீட்டர். அதில் பெரும்பகுதி காற்றுதான். மடிக்காமல் கொண்டு சென்றால் லாரி சுமப்பதும் காற்றையே. மடித்தால் 9 கன மீட்டர்; ஒரே லாரியில் ஓர் அறைக்குப் பதில் ஐந்து அறைகள் போய்ச் சேரும்.

தொற்றுநோய் அறைகளில் உள்ளழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்தை விடச் சிறிது குறைவாக வைப்பர். உள்ளே வரும் காற்றை விட அதிகமான காற்றை விசிறி வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் கதவைத் திறந்தாலும் காற்று வெளியிலிருந்து உள்ளே பாயுமேயன்றி, கிருமியுடன் வெளியே வராது. வெளியேறும் காற்று வடிகட்டி வழியாகவே செல்லும். மடிப்புகளிலும் கீல் இடுக்குகளிலும் காற்றுக் கசிந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் வீணாகும். எனவே மடங்கும் அறையின் தரத்தை அதன் இடுக்குகளைக் கொண்டே மதிப்பிடவேண்டும்.

மத்திய அரசின் 'பீஷ்ம்' கனசதுரம் மற்றொரு வகை. 72 சிறு பகுதிகளாகப் பிரிந்திருக்கும் இச்சாதனம் 200 பேர் வரை காயமுற்றோருக்குச் சிகிச்சை அளிக்கும் வகையில் அமைக்கப்பட்டது. 2024 மே மாதம் ஆக்ராவில் விமானப்படை இதை விமானத்திலிருந்து பாராசூட் மூலம் இறக்கிச் சோதித்தது.

எங்கள் கடற்கரையில் விரித்தால்

மண்டைக்காடு குளச்சலுக்கு அருகே அரபிக்கடலோரம் அமைந்த ஊர். மாசி மாதம் நடைபெறும் பத்து நாள் கொடை விழாவில் பெண்கள் இருமுடி கட்டி வருவதால் பகவதியம்மன் கோயிலைப் 'பெண்களின் சபரிமலை' என்பர். தலைவலி தீர அம்மனுக்கு மண்டையப்பம் படைப்பதும், உடல் நோய் நீங்கினால் கை, கால் உருவங்களைக் காணிக்கையாகச் செலுத்துவதும் இங்கே வழக்கம். ஆக, நோயும் நோய் தீர்தலும் பற்றிய நினைவோடு மக்கள் வரும் ஊர் இது. மாசி வெயிலில் நடந்து, கடலில் நீராடி, அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் கூட்டத்தில் மயக்கமும் தீக்காயமும் வயிற்றுப்போக்கும் நேர்வது இயல்பே. இத்தகைய கரையில் ஒரு மடங்கும் அறையை விரித்தால் அது நான்கு எதிரிகளைச் சந்திக்கும்.

முதல் எதிரி காற்று. காற்று ஒரு சுவரின் மீது தரும் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்திற்கு நேர் விகிதத்தில் இருக்கும். வினாடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தை வர்க்கப்படுத்தி 0.6 ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்பது கிடைக்கும். மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்று என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 465 நியூட்டன். 6 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள சுவரின் மீது மொத்த விசை ஏறத்தாழ 700 கிலோ எடைக்குச் சமம். தூக்கிச் செல்ல எளிதாகவேண்டும் என்று எடையைக் குறைத்துச் செய்த அறை, அக்காரணத்தினாலேயே காற்றில் நகர்ந்துவிடும். மணலில் அடித்த முளை உருவிக்கொள்ளும் என்பதை வள்ளத்தைக் கரையில் கட்டுவோர் அறிவர்.

இதற்குப் பரிகாரம் என்ன? எடையைச் சுமந்து செல்லாமல், போகும் இடத்தில் எடுத்துக்கொள்வதே. உராய்வு எண் 0.5 என்று கொண்டால், 700 கிலோ விசையைத் தடுக்க 1,400 கிலோ பாரம் வேண்டும்; அதாவது 50 கிலோ மணல் கொண்ட சாக்குகள் 28. வெற்றுச் சாக்குகள் கையடக்கமாக மடியும். மணலோ கரையிலேயே கிடக்கிறது. அதிலும் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கரையில் காணும் கருமணலிலுள்ள இல்மனைட்டின் ஒப்படர்த்தி சுமார் 4.7, சாதாரண மணலாகிய குவார்ட்ஸுக்கு 2.65. ஆகவே கருமணல் கலந்த சாக்கு அளவில் சிறியதாயினும் எடையில் அதிகம். அறை கவிழாமலிருக்க, கூரை மூலைகளிலிருந்து வடம் இழுத்து இச்சாக்குகளைப் புதைத்து, அவற்றில் கட்டவேண்டும். விழா முடிந்ததும் மணலைக் கரையிலேயே கொட்டிவிட்டுச் சாக்கை மடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது எதிரி உப்பு. கடலோர வீடுகளில் சன்னல் கீல்கள் சில ஆண்டுகளில் துருவேறி இறுகிப்போவதை யாவரும் கண்டிருப்போம். சாதாரண வீட்டில் கீல் இறுகினால் ஒரு சன்னல்தான் கெடும். மடங்கும் அறையில் ஒரு கீல் இறுகினால் அறை முழுவதுமே கெட்டது. அது விரியவும் விரியாது, மடங்கவும் மடங்காது. எனவே கீல்கள் துருப்பிடிக்காத எஃகினால் ஆகவேண்டும். கழற்றி மாற்றும்படியும் இருக்கவேண்டும். பலகைகளை நார்க்கண்ணாடியும் ரெசினும் கலந்து செய்யலாம். மரக் கட்டுமரங்களுக்குப் பின் வந்த 'பைபர்' வள்ளங்கள் இப்பொருளால் ஆனவைதாம். அவற்றின் விரிசலை அடைத்துப் பழகிய கைகள் நம் கடற்கரைக் கிராமங்களில் உள்ளன. மருத்துவ அறையில் விரிசல் விழுந்தால் சென்னைக்கு ஆளனுப்பவேண்டியதில்லை.

மூன்றாவது எதிரி வெப்பம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபின் தமிழகக் கடற்கரையில் தார் பூசிய அட்டைகளால் தற்காலிகக் குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. கோடையில் அவற்றினுள் இருக்க முடியவில்லை. 2005 ஆம் ஆண்டு சென்னை திருவொற்றியூர் கார்கில் நகரில் அத்தகைய குடியிருப்புகள் தீக்கிரையாயின. மெல்லிய தகடு இரண்டுக்கு நடுவே பாலியூரிதேன் நுரையை நிரப்பிய பலகை வெப்பத்தைத் தடுக்கும். அந்நுரையின் வெப்பக் கடத்தும் திறன் எஃகினுடையதில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. 5 செ.மீ. கனமும் 18 சதுர மீட்டர் பரப்பும் உள்ள கூரையின் இருபுறத்திற்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால், அதன் வழியே உள்ளே கசியும் வெப்பம் சுமார் 90 வாட் மட்டுமே. மின்விசிறி ஒன்று எடுக்கும் சக்தியைவிடச் சற்றே அதிகம். ஆனால் நுரை எரியக்கூடியது. எனவே தீப்பற்றாத வகையையே கையாளவேண்டும். 2001 ஆம் ஆண்டு குஜராத் நிலநடுக்கத்திற்குப் பின் ஜப்பானியக் கட்டிடக்கலைஞர் ஷிகேரு பான், காகிதக் குழாய்களால் சுவரும், இடிபாடுகளால் அடித்தளமும், மண் தரையும், பாய்க் கூரையும் அமைத்துக் காற்றோட்டமான வீடுகளை எழுப்பினார். பனையோலைப் பாய் முடையும் நம் மாவட்டத்திலும் மேற்கூரையின் மீது ஓர் ஓலை நிழற்பந்தல் போடுவது கடினமன்று.

நான்காவது, எதிரி என்பதைவிட இல்லாமை என்று சொல்லத்தக்கது. அது நீரும் மின்சாரமும். வெளிநோயாளி ஒருவருக்கு 5 லிட்டர் நீர் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாளொன்றுக்கு 200 பேர் வந்தால் 1,000 லிட்டர். அதாவது ஒரு டன். நீரை மடிக்க முடியாது. ஆகவே அறையை எங்கே விரிப்பது என்பதை நீர் கிடைக்கும் இடமே தீர்மானிக்கும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது மின்கம்பங்கள் சாய்ந்து நம் மாவட்டம் பல நாட்கள் இருளில் மூழ்கியதை மறந்திருக்கமாட்டோம். தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். கூரையில் சூரிய ஒளித் தகடும், உள்ளே ஒரு மின்கலமும் இல்லாத அறை புயல் நாளில் வெறும் நிழற்குடையே.

மறைப்பு என்னும் மருந்து

இதுவரை கூறியவை கணக்கில் அடங்குபவை. கணக்கில் அடங்காத ஒன்று உண்டு.

கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே அறியும் சோதனை ஒன்று மிக எளியது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் கழித்து நல்ல வெளிச்சத்தில் பார்ப்பர். மாறுதலடைந்த திசு இருந்தால் அது வெண்மையாகத் தெரியும். நம் ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கும் அதே அமிலந்தான், விலை சொற்பம். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம். தேவையானவை ஒரு மேசை, ஒரு விளக்கு, நான்கு பக்கமும் மறைப்பு.

என் தாயார் 'அண்டியாபீஸ்' என்று எங்கள் பகுதியில் வழங்கும் முந்திரித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இச்சோதனைக்கான முகாம் நடந்தது. அரை நாள் கூலியை விட்டு என் தாயாரும் உடன் வேலை செய்யும் சிலரும் சென்றனர். சாமியானாப் பந்தலின் ஓரத்தில் இரண்டு கம்புகளில் ஒரு வேட்டியைக் கட்டியிருந்தார்களாம். காற்றடித்தால் அது பறக்கும். அப்பால் ஆண்கள் ரத்த அழுத்தம் பார்க்க வரிசையில் நின்றனர். அவர்கள் பெயரைக் கூடப் பதியாமல் திரும்பிவிட்டனர். "ஏன் அம்மா பார்க்காம வந்திய?" என்று கேட்டதற்கு, "மக்ளே, அங்க எப்படிக் கெடக்குறது? காத்தடிச்சா ஊரே பாக்கும்" என்றார். அதன் பிறகு அவர் அச்சோதனைக்குச் செல்ல ஓராண்டுக்கு மேலாயிற்று. அன்று உடன் சென்றவர்களில் சிலர் இன்று வரை செல்லவில்லை.

அந்த முகாமில் வள்ளுவர் கூறிய நான்கும் இருந்தன. செவிலியர் இருந்தார், மருந்து இருந்தது, உதவியாளர் இருந்தார், நோய் இருக்கிறதா என்று அறிய வந்த பெண்களும் இருந்தனர். ஐந்தாவதாகிய இடந்தான் இல்லை. ஆகவே மடங்கும் அறையின் பயனை எடை, விலை, நேரம் ஆகியவற்றால் மட்டும் அளக்காமல், அதனுள் ஒரு பெண் அச்சமின்றிப் படுத்துச் சோதனை செய்துகொள்வாளா என்பதனாலும் அளக்கவேண்டும். ஒளி வரும், ஆனால் நிழலுருவம் வெளியே தெரியாத சுவர், உள்ளிருந்து தாழிடும் கதவு, வாசலுக்கு நேரே மேசை அமையாத ஏற்பாடு, பேசுவது வெளியே கேட்காத அளவுக்குச் சுவரின் கனம் ஆகிய இவற்றிற்குப் பெரிய பொறியியல் தேவையில்லை. வடிவமைப்பவர் மேசையருகே அமர்ந்து பெண்களிடம் கேட்டறிந்தால் போதும்.

ஒரு யோசனை

இத்தகைய அறைகளைப் பேரிடருக்கென்று வாங்கிக் கிடங்கில் பூட்டிவைப்பது ஒரு வழக்கம். அவ்வாறு வைத்தால் புயல் வரும் நாளில் கீல்கள் இறுகியிருக்கும். சாவி யாரிடம் என்று தேடவேண்டியிருக்கும். விரிக்கத் தெரிந்தவர் மாற்றலாகிப் போயிருப்பார். கொரியாவில் ரங்கராஜ் குழுவினரால் சாமான்களைக் காப்பாற்ற முடிந்ததற்கு அவர்களின் துணிவோடு பழக்கமும் காரணமாக இருந்திருக்கவேண்டும்.

ஆகவே என் யோசனை இது: நம் மாவட்டத்திற்கென இரண்டு அல்லது மூன்று மடக்கு அறைகள் இருக்கட்டும். மாசி மாதம் பத்து நாள் அவை மண்டைக்காட்டுக் கரையில் பெண்களுக்கான பரிசோதனை அறைகளாக விரியட்டும். பெண்கள் பெருந்திரளாக வேறெந்த அழைப்பும் இன்றித் தாமே வரும் நாட்கள் அவை. வேலைக்கு விடுப்பு எடுத்து வருபவர்களுக்கு இரண்டாவது முறை கூலி இழக்கவேண்டியதில்லை. விழா முடிந்தபின் அவ்வறைகள் பேச்சிப்பாறை அணைக்கு மேலுள்ள காணி மக்களின் குடியிருப்புகளுக்குச் செல்லட்டும். அங்கே சில இடங்களுக்குப் படகில்தான் போகவேண்டும், அதன்பின் தலைச்சுமைதான். இருவர் தூக்கும் பாரம் என்ற புரூனலின் விதி அங்கே உயிர் பெறும். வீடு தேடி மருந்து கொண்டு செல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு முதல் நடைபெற்று வருகிறது. வீட்டுத் திண்ணையில் செய்ய இயலாத சோதனைகளுக்கு இவ்வறை அத்திட்டத்தின் துணையாக அமையும்.

ஆண்டுக்கு ஆறேழு முறை விரிந்து மடங்கும் அறையின் கீல் துருப்பிடிக்க நேரம் இராது. அதனை விரிக்கக் கற்ற இளைஞர்கள் கடற்கரையிலும் இருப்பார்கள், மலையிலும் இருப்பார்கள். புயல் வரும் நாளில் அவர்கள் புதிதாக எதையும் கற்கவேண்டியதில்லை; திருவிழாவுக்குச் செய்ததையே செய்தால் போதும்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். விரித்தால் மருத்துவமனை வந்துவிடும் என்று எண்ணி, கட்டவேண்டிய சுகாதார நிலையத்தைக் கட்டாமல் விடுவதற்கு இது சாக்காகிவிடலாகாது. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள நெய்யூரில் 1838 ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவப் பணி இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், அங்கே மருத்துவர்கள் வந்து தங்கினார்கள் என்பதே. 1922 இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற மருத்துவர் சாமர்வெல், அதன்பின் நெய்யூரைக் கண்டு, அங்கேயே தங்கி அறுவை சிகிச்சை செய்தார். அறை மடங்கலாம், பணி மடங்கலாகாது. மடங்கும் அறை நிலையான மருத்துவமனையின் கை நீண்டு வருவதாக இருக்கவேண்டும். அங்கே நோய் என்று கண்டவரை மேல்சிகிச்சைக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிப் பின்தொடரும் ஏற்பாடும் அதனுடன் இருக்கவேண்டும்.

முடிவாக, நம் கல்லூரி மாணவர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இயற்பியல் பயில்வோர் காற்றின் விசையையும் வெப்பத்தையும் கணக்கிடலாம். வேதியியல் பயில்வோர் துருவைத் தடுக்கும் பூச்சுகளைச் சோதிக்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் கிராமத்துப் பெண்களிடம் அவர்களுக்கு எத்தகைய அறை வேண்டும் என்று கேட்டு எழுதலாம். கணக்குகளும் விடைகளும் கைக்கு வந்தபின், மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு ஓர் அறையை நம் கல்லூரி மைதானத்திலேயே நாம் விரித்துப் பார்க்கலாம். நான்கு பேர், இரண்டு மணி நேரம் என்ற கணக்கு நம் கைகளுக்கும் பொருந்துகிறதா என்று அடுத்த ஆண்டு மலரில் எழுதுவோமாக.